வாத்துக்காரி சம்லியின் இரண்டு ஓட்டுகள்

வெள்ளம் வந்த வருஷம் பிக்குகள் படகில்தான் பிச்சைக்கு வந்தார்கள். ஊர்ப் பெண்கள் மூழ்கிப்போன கரைமேல் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று பாத்திரத்தில் சோறு இட்டார்கள். அன்று வன்பென் வெறுங்கையோடு நின்றாள். அவள் அடுக்களை தண்ணீருக்குள் கிடந்தது. பம்பளிமாஸ் தோட்டம் முழுவதும் இலை பழுத்துப்போய் நின்றது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் குனிந்திருந்தபோது, ஈரக்கை ஒன்று அவள் உள்ளங்கைக்குள் எதையோ வைத்து அழுத்தியது. வெந்த வாத்து முட்டை. இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் நின்ற சம்லி இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளிடம் இருந்ததே இரண்டு முட்டைதான்.

அதற்குப் பிறகு சம்லி அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் வன்பென்னுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். சொல்லிக்காட்டுகிறவளிடம் கோபித்துக்கொள்ளலாம். கோபம் வந்தால் பாதி மறந்துபோகும். சம்லி அந்த வழியையும் அடைத்துவிட்டாள்.

சம்லிக்கு ஐம்பத்தாறு வயது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறாள். புருஷன் விட்டுப்போன முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் பனையோலைத் தொப்பி. எண்ணூறு வாத்துக்கு ஒரே ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் கிழிந்த பிளாஸ்டிக் பை. கழியை அவள் வீசி யாரும் பார்த்ததில்லை. சும்மா தூக்கிப் பிடிப்பாள், அவ்வளவுதான். வாத்துகளை மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். "அம்மாக்களே, இந்தப் பக்கம் வாங்க. அங்க பாம்பு இருக்கும்." வாத்துக்கறி தின்னமாட்டாள். கோயிலில் பிக்கு தர்மம் சொல்லும்போது முதுகு வளையாமல் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். எல்லாரும் எழுந்து கும்பிடும்போது அவளும் சரியாக எழுந்து கும்பிடுவாள். "காது தூங்கல. கண்ணு மட்டுந்தான்" என்பாள்.

வன்பென் தூங்கமாட்டாள். முழுநிலா நாளில் பிறந்ததால் வைத்த பெயர் அது. நோன்பு நாள்தோறும் வெள்ளை உடுத்தி, மதியத்துக்கு மேல் சாப்பிடாமல் எட்டு விரதமும் காப்பாள். பத்து வருஷமாகக் கோயில் கமிட்டியில் துணைத்தலைவி. பிக்குகளுக்கு எந்தக் குழம்பு ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்குத்தான் தெரியும். இருந்தும் மதகுத் தண்ணீருக்கு இரண்டு வீட்டார் அடித்துக்கொண்டால், வெள்ளை உடுத்தியவளைத் தாண்டி, சேறு ஒட்டிய பூட்ஸ்காரியைத் தேடித்தான் போவார்கள். வன்பென்னின் புருஷன் சனானே, எந்தப் பேச்சையும் "சம்லி என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டுத்தான் முடிப்பான். இரவில் படுக்கும் முன் வன்பென் எல்லா உயிருக்கும் அன்பு வேண்டி ஓதுவாள். எறும்புகள் பகையின்றி வாழட்டும், ஆற்று மீன்கள் துன்பமின்றி வாழட்டும் என்று சரளமாக வரும். சம்லியின் முகம் வரும் இடத்தில் மட்டும் நாக்கு ஒரு தடவை தடுக்கும். அது பாவம் என்று அவளுக்கும் தெரியும்.

முட்டையைப் பார்ப்பதில்தான் சம்லியின் பெயர் இருக்கிறது. கொட்டகையில் சாக்குத் திரை தொங்கும். அதற்குப் பின்னால், சுருட்டிய அட்டைக்குள் டார்ச்சை வைத்து ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடிப்பாள். கெட்டது, கீறல் விட்டது, குஞ்சு கட்டியது எல்லாம் உள்ளே நிழலாகத் தெரியும். முட்டைக்கு என்று வந்த அந்தப் பழக்கம் அவளுக்கு எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டது. யாராவது மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து அவசரப்பட்டால், "இரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாரு" என்பாள். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனாலும் அதையேதான் சொல்வாள். முட்டை அடுக்கும் அட்டையில் எண் எழுதுவதிலும் அவளுக்கு ஒரு தனிப் பழக்கம். அவள் போடும் ஐந்தின் மேல்கோடு மட்டும் வாத்தின் வால் மாதிரி நீண்டு மேலே தூக்கி நிற்கும். கோடு ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டால், "கை அப்படித்தான் போகுது, நான் என்ன செய்ய" என்பாள்.

அந்தக் கொட்டகைக்குத்தான் மேலவைத் தேர்தல் செய்தியும் வந்தது. மே மாதம். சனான் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, முட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு வாசித்துக் காட்டினான்.

"இருநூறு பேராம். இருபது தொழில், தொழிலுக்குப் பத்துப் பேர். நெல்லு போடுறவன், வாத்தியாரு, டாக்டரு, கூலிக்காரன், எல்லாருக்கும் இடம் உண்டு. கட்சிக்காரன் யாரும் நிக்கக்கூடாது. நாப்பது வயசு ஆகியிருக்கணும், பத்து வருஷம் அந்தத் தொழில் பாத்திருக்கணும். படிப்பு எதுவும் கேக்கல."

"எங்க போய் ஓட்டுப் போடணும்?" என்றாள் ஒருத்தி.

"நீ போட முடியாது. யாரு நிக்கிறாங்களோ அவங்களேதான் அவங்களுக்குள்ள போட்டுக்கணும். மொதல்ல வட்டம், அப்புறம் மாகாணம், அப்புறம் பாங்காக்."

"நல்லாருக்கே. சாப்பிட வந்தவங்களே சமைச்சுக்கணும்னு சொல்ற மாதிரி."

"சரி, உள்ள போய் என்ன செய்வாங்க?" சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து சம்லியின் குரல் வந்தது.

சனான் விரலால் வரியைத் தேடினான். "கீழவை போட்டு அனுப்புற சட்டத்த ரெண்டாந்தரம் பாக்கணும். சரியில்லன்னா திருப்பி அனுப்பணும். கோர்ட்டுல பெரிய நீதிபதி, தேர்தல் நடத்துற ஆணையர் இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒப்புதல் குடுக்கணும். அஞ்சு வருஷம். அதுக்கு மேல மறுபடி நிக்க முடியாது."

"திருப்பி அனுப்பினதக் கீழவை மறுபடி தள்ளிவிட்டா?"

"கொஞ்ச காலம் பொறுத்திருந்து, அதையே சட்டமா ஆக்கிக்கலாம்னு போட்டிருக்கு."

சம்லி திரையை விலக்கித் தலையை நீட்டினாள். "அப்ப அவங்க வாத்து, இவங்க டார்ச்சு. பாத்துத் தள்ளி வைக்கலாம். ஒடைக்க முடியாது."

கொட்டகையே சிரித்தது. "அக்கா, நீதான் போகணும். பத்து வருஷம் என்ன, முப்பது வருஷமா அதத்தானே செய்யுற." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனால் இரண்டு நாளில் அது சிரிப்பாக இல்லை. சம்லி பெயர் கொடுத்துவிட்டாள், கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு பாட் பணத்தையும் முட்டை வாங்குகிறவர்களே திரட்டிக் கொடுத்தார்கள் என்று சனான் வீட்டுக்கு வந்து சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமை, கட்டின மனைவிக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை வன்பென் வட்ட அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். பழத்தோட்டம், கால்நடை, மீன்பண்ணை எல்லாம் ஒரே பிரிவு. இருவரும் அதில்தான். திரும்பி வரும் வழியில் மதகடியில் சம்லியைப் பார்த்தாள். கேட்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று, "நானும் நிக்கிறேன்" என்றாள். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னாள்.

"அக்கா, நல்லதாப் போச்சு. அங்க போய் யாரு மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிறதுன்னு நேத்தெல்லாம் தூக்கமே இல்ல." சம்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் வாத்துத் தீவன வாடை. "ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிரலாம்."

வன்பென்னுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சம்லியையும் தன்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாராவது தன்னை முதலில் எடுக்க வேண்டும். பாங்காக் நாற்காலி அவளுக்குப் பெரிதல்ல.

நிற்பவர்கள் தங்களைப் பற்றி ஐந்து வரிக்குள் எழுதித் தர வேண்டும். மேடை போட்டுப் பேசக்கூடாது, சுவரொட்டி ஒட்டக்கூடாது. அந்த ஐந்து வரிதான் எல்லாம். வன்பென் மருமகளை உட்காரவைத்து மூன்று நாள் எழுதினாள். கமிட்டி, பம்பளிமாஸ் போட்டியில் வாங்கிய பரிசு, வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி நட்ட அறுபது மரம், எட்டு விரதம் எல்லாம் வந்து, ஐந்தாவது வரி விளிம்பை இடித்துக்கொண்டு நின்றது. சம்லியின் தாள் அலுவலகத்தில் கைக்கு வந்தபோது ஒன்றரை வரிதான் இருந்தது. "முப்பது வருஷமாக வாத்து வளர்க்கிறேன். முட்டை பார்க்கத் தெரியும். மற்றதைக் கற்றுக்கொள்கிறேன்." வன்பென் அதை நாலு தடவை வாசித்தாள். மீதி மூன்றரை வரி வெள்ளைத்தாளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது. தன் ஐந்து வரியும் கடைக்காரன் கத்தல் மாதிரி இருந்தது.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வட்ட மண்டபத்தில் தேர்தல். போனை எல்லாம் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிரிவில் ஏழு பேர். முதல் எண் இறால் பண்ணைக்காரர், இரண்டாம் எண் குளத்து மீன் வளர்க்கும் தியன் மாமா. சம்லிக்கு நாலு, வன்பென்னுக்கு ஐந்து. ஏழாம் எண் பன்றி வளர்க்கிறவர். பூட்ஸை வாசலில் கழற்றி வைத்ததால் சம்லி வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நடந்தாள். அதற்கும் இரண்டு பேர் அன்பாகச் சிரித்தார்கள்.

அதிகாரி விதியைச் சொன்னார். "ஆளுக்கு ரெண்டு ஓட்டு. ரெண்டு வேற வேற ஆளுக்குப் போடணும். உங்களுக்கு நீங்களே ஒண்ணு போட்டுக்கலாம், தப்பில்ல. அதிக ஓட்டு வாங்குற அஞ்சு பேரு மதியம் அடுத்த சுத்துக்குப் போவாங்க."

"தனக்குத் தானே போட்டுக்கலாமா?" சம்லி வன்பென் காதோரம் கேட்டாள். "சோறு போட வந்த எடத்துல தன் தட்டுல மொதல்ல அள்ளிக்கிற மாதிரி இல்ல?"

"விதி அப்படி இருக்கு" என்றாள் வன்பென்.

மறைப்புக்குள் நின்று வன்பென் தன் எண்ணை எழுதினாள். அடுத்த கட்டத்தில் நாலு என்று எழுத வேண்டும். வண்டியில் வரும்போதுகூட அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து எல்லாரும் சம்லியிடம்தான் வந்து பேசினார்கள். தியன் மாமா அவளுக்காக விசிறி கொண்டுவந்து கொடுத்தார். இறால் பண்ணைக்காரர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவளுக்கு எல்லாரும் போட்டுவிடுவார்கள். என் ஒரு ஓட்டு போகாவிட்டால் அவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று வன்பென் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, பெயர்கூடச் சரியாகத் தெரியாத இறால் பண்ணைக்காரரின் எண்ணை எழுதி மடித்தாள்.

ஏழே ஏழு சீட்டு. அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, எல்லாரும் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி எண்ணைப் படித்தார். வெள்ளைப் பலகையில் இன்னொருவர் கோடு போட்டார். மூன்றாவது சீட்டு வன்பென்னுடையது. அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தது. அது அவளே போட்டுக்கொண்டது. நாலாம் எண்ணுக்கு நேரே இன்னும் ஒன்றும் இல்லை.

ஆறாவது சீட்டைத் தூக்கினார். "அஞ்சு. ரெண்டு."

ஜன்னல் வெளிச்சம் தாளுக்குப் பின்னால் இருந்தது. அந்த ஐந்தின் மேல்கோடு நீண்டு, வால் தூக்கி நின்றது.

வன்பென் சட்டென்று திரும்பினாள். பக்கத்து நாற்காலியில் சம்லி இரண்டு கையையும் கூப்பி, கோயிலில் சொல்வதுபோல் "சாது" என்றாள். அடுத்தவர் புண்ணியத்தைக் கண்டு மகிழ்ந்து சொல்லும் சொல் அது. "அம்மா, இங்க சத்தம் போடக்கூடாது" என்றார் அதிகாரி. "மன்னிச்சிருங்க ஐயா. பழக்கம்."

ஏழாவது சீட்டும் தீர்ந்தது. இறால் பண்ணைக்காரருக்கு நாலு. வன்பென்னுக்கு இரண்டு. தியன் மாமாவுக்கு இரண்டு. பன்றிக்காரருக்கு ஒன்று. மற்ற இருவருக்கும் சேர்த்து ஐந்து. சம்லியின் பெயருக்கு நேரே ஒரு கோடும் இல்லை. பலகைக்காரர் சரிபார்த்துவிட்டு அங்கே ஒரு பூஜ்யம் போட்டார்.

"வாத்துக்காரிக்கு முட்டை" என்று பின்வரிசையில், வேறு பிரிவுக்காரன் ஒருவன் சிரித்தான். அவன் ஒருவன்தான் சிரித்தான்.

ரகசிய ஓட்டு என்று பெயர். பூஜ்யத்துக்கு ரகசியம் கிடையாது. சம்லி தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை என்பதை அது மண்டபத்துக்கே சொன்னது. மற்ற ஆறு பேரில் ஒருவரும் அவளுக்குப் போடவில்லை என்பதையும் சொன்னது. ஆறு பேரில் வன்பென்னும் ஒருத்தி. ஒரே வண்டியில் வந்தவள்.

தியன் மாமா முகம் செத்துப்போய் எழுந்து வந்தார். "சம்லி, சத்தியமாச் சொல்றேன், ஒனக்குத்தான் எல்லாரும் போடுவாங்கன்னு நெனச்சேன். பாவம் அந்த எறால்காரருக்கு ஒண்ணு போடலாமேன்னு..."

"எனக்கும் அதே நெனப்புதான்" என்றார் பன்றிக்காரர்.

"அட விடுங்க மாமா. எல்லாரும் சோறு கொண்டுவருவாங்கன்னு எல்லாரும் நெனச்சா, வெறும் பானைதான் வரும்" என்று சம்லி சிரித்தாள். வன்பென்னிடம் திரும்பி, "அக்கா, மதியத்துக்கு முட்டை வெச்சிருக்கேன். வெளிய மரத்தடியில இருக்கேன். நல்லாப் பண்ணிட்டு வா" என்றாள். தோற்றவர்கள் மண்டபத்துக்குள் இருக்கக்கூடாது. வெறுங்காலோடு வெளியே போனாள்.

மதியச் சுற்றில் மற்றத் தொழில்காரர்கள் போட்ட ஓட்டில் வன்பென் மூன்றாவதாக வந்தாள். பிரிவுக்கு மூன்று பேர் மாகாணத்துக்குப் போகலாம். அவள் ஜெயித்துவிட்டாள். வண்டியில் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டுதான் வந்தார்கள். சம்லி வழியெல்லாம் தூங்கினாள். காதும் தூங்கியதா என்று வன்பென்னுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஊரில் ஒரே பேச்சுதான். அது வன்பென் ஜெயித்த பேச்சு அல்ல. "தனக்கே போட்டுக்கலயாம், பாத்தியா. ரெண்டையும் அடுத்தவங்களுக்கே குடுத்திருக்கு." கோயிலில், சந்தையில், மதகடியில் அந்தப் பூஜ்யத்தைச் சொல்லிச் சொல்லிக் கைகூப்பினார்கள். சனான் சாப்பிடும்போது, "அந்த அம்மாவுக்குத்தான் மனசு" என்று சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்தவனாக, "நீயும் ஜெயிச்சிட்ட, சந்தோஷம்" என்றான். வன்பென் குழம்புச் சட்டியை மூடினாள். அந்த இரண்டு கோட்டைக் கொடுத்து அந்தப் பூஜ்யத்தை வாங்கிக்கொள்ள முடியுமானால் அன்றே வாங்கியிருப்பாள். சம்லியின் தோல்விமேல்கூடப் பொறாமைப்படுகிறோமே என்று புத்தர் படத்துக்கு முன்னால் அழுதாள்.

சனிக்கிழமை சம்லி புறப்பட்டாள். சுபன்புரிப் பக்கம் அறுவடை முடிந்துவிட்டது. வாத்துகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். மறுநாள் மாகாணத் தேர்தல். வன்பென் விடியும்போதே தோட்டத்தின் முதல் மரத்துப் பம்பளிமாஸ் இரண்டைப் பறித்துக்கொண்டு போனாள். நான் உனக்குப் போடவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

பலகையில் வாத்துகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. "மெதுவா, அம்மாக்களே. தள்ளாதீங்க, எல்லாருக்கும் எடம் இருக்கு." கடைசி வாத்தும் ஏறியபின் சம்லி பூட்ஸோடு லாரிப் படியில் ஒரு காலை வைத்தாள்.

"சம்லி, அன்னிக்கு நான்..." வன்பென் இரண்டு பழத்தையும் நீட்டினாள்.

சம்லி பழத்தை வாங்கிக் காலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், பம்பளிமாஸில் ஒன்றும் தெரியாது என்பது தெரியாதவள்போல. பார்த்துவிட்டு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டாள். மற்றதை வன்பென் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். லாரி உறுமியது.

"அக்கா, நாளைக்கும் ஆளுக்கு ரெண்டு ஓட்டுதானாம். ஒண்ண ஒனக்கே போட்டுக்க, தப்பில்ல. இன்னொண்ண, எல்லாரும் போட்டுருவாங்கன்னு நீ நெனைக்கிற ஆளுக்குப் போடு."